முப்பத்தைந்து நொடிக்கான தவணை

உறை திரும்பி வந்துவிட்டது.
மேலே இளநீலச் சீட்டு:
நீங்கள் அனுப்பியது பழைய தொகை.

பழசுதான். போன மாதத்துப் பழசு.
மணியார்டர் மூன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தன,
கை நனைக்காமல் எழுந்துபோன
விருந்தாளிகள் மாதிரி.

கெடு வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய்.
முத்திரை விழும் நாள் கணக்கில்லையாம்,
அவர்கள் கையில் விழும் நாள்தான்.

சீஃபோர்டில், கோழி ஆலையில்,
இரவு ஷிப்டில் இறக்கை வெட்டுகிறேன்.
நிமிடத்துக்கு முப்பத்திரண்டு,
கால் மேலாக, தலையில்லாமல்
என்னைத் தாண்டிப் போகும்.
ஏறிய கட்டணத்துக்கு எத்தனை கோழி என்று
அன்று ராத்திரி கணக்குப் போட்டேன்.
அறுபதாயிரம் தாண்டியதும்
எண் நழுவிவிட்டது.
கத்தி நழுவவில்லை.

எங்கள் ஊரில் நிலம் ஆடியது
முப்பத்தைந்து நொடி.
கெர்வென்ஸ் அப்போது இடுப்பில் இருந்தான்.
அந்த நொடிகளுக்குத்தான்
பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை
இன்னமும் தவணை கட்டுகிறோம்.
தற்காலிகப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள்.
தற்காலிகத்துக்கு
மீசை அரும்பிவிட்டது.

ரேகைக்குத் தனிக் காசு.
குளோரினும் ஐஸும் தின்றதுபோக
என் விரல்களில் மிச்சம் வெறும் வழவழப்பு.
போன தடவை அந்தப் பெண்
ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் அழுத்தி
அழுத்திப் பார்த்துவிட்டு
"உங்களைக் காணவில்லையே" என்றாள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
இல்லாத ரேகைக்கும் ரசீது வந்தது.

முடியாதவர்கள் முடியவில்லை என்று
எழுதிக்கொடுக்க முன்பு ஒரு தாள் இருந்தது.
அதைப் பற்றிக் கேட்டதும்
சர்ச்சில் படிவம் நிரப்பித் தரும் மதாம் ஒடெத்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
ரொம்ப நேரம்.
பிறகு வேறொன்று சொன்னாள்:
தங்குவதற்கு ஒரு விலை,
உழைப்பதற்கு வேறு விலை.
ஒரு கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால்
தொகை இறங்கும்.

மூன்று பேர்.
ஃப்ரிட்ஸ்நெல் தீவன லாரி ஓட்டுகிறான்.
அட்டை செத்தால் லைசென்ஸும் சாகும்.
எனக்குக் கோழி.
கெர்வென்ஸுக்கு
கோடை விடுமுறைக்கு டயர் கடையில் வேலை,
பேசி முடித்தாயிற்று.
சட்டைகூடக் கொடுத்துவிட்டார்கள்,
பாக்கெட்டின் மேல் பெயர் தைத்து.

நான்தான் அந்தக் கட்டத்தை விட்டேன்.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

எதை அனுப்பினாலும் எங்கள் வீட்டில்
கடைசியாகப் படித்துப் பார்ப்பவன் அவன்தான்.
புதன் காலை, நின்றபடி,
ஒரு கையில் பிரெட்,
பக்கம் பக்கமாகத் திருப்பினான்.
அந்தப் பக்கத்தில் பிரெட் மெல்வது நின்றது.
நான் குழாயைத் திறந்தேன்.
கழுவ எதுவும் இல்லை.

"ஏழாம் பக்கத்தில் நீ கையெழுத்துப் போடலம்மா"
என்று பேனாவை நீட்டினான்.
அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

கூரியர் கடையில் உறையைத் தராசில் வைத்து
அந்த ஆள் கேட்டான்:
"உள்ளே இருப்பதன் மதிப்பு எவ்வளவு?
தொலைந்தால் தரணும் இல்லையா,
அதுக்காகக் கேட்கிறேன்."

நான் ஃப்ரிட்ஸ்நெல்லைப் பார்த்தேன்.
அவன் தராசைப் பார்த்தான்.
மூன்று பேருடைய பதினான்கு வருஷம்
கால் கிலோகூட இல்லை.

"பூஜ்யம்னு போடுங்க" என்றான் கெர்வென்ஸ்,
"மூணு டாலர் மிச்சம்."

காரின் பின்சீட்டில் அந்தச் சட்டை கிடந்தது,
பெயர் மேலே தெரியும்படி.
அதன்மேல் படாமல்
கதவோரமாக ஒண்டி உட்கார்ந்தான்.
ஆலை வரைக்கும் யாரும் பேசவில்லை.